சுண்ணாம்பு நிலத்திலிருந்து நிலத்தடி ரயிலுக்கு: பெரம்பலூர், அரியலூர்ப் பயணிகளின் சென்னை மெட்ரோ

சென்னை மெட்ரோ ரயிலைப் பற்றிய பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் சென்னைக்குள் குடியிருப்போரை மனத்தில் வைத்தே நடைபெறுகின்றன. அலுவலகம் செல்வோர்க்கு மிச்சமாகும் நேரம், அண்ணா சாலையின் நெரிசல், பணி நடக்கும் தெருக்களின் தூசி ஆகியவையே அவற்றில் மேலோங்கி நிற்கின்றன. எனினும் அந்த ரயிலின் வசதிகளையும் குறைகளையும் எல்லோரினும் கூர்மையாக உணர்கிறவர், மருத்துவம், நீதிமன்ற வழக்கு, கல்லூரிச் சேர்க்கை, வெளிநாட்டுப் பயணம் என்று ஏதேனும் ஒரு காரியத்தின் பொருட்டு வெளியூரிலிருந்து வந்து இறங்கும் பயணியே ஆவார். தினமும் செல்பவருக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாத ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு கேள்வியாகத் தோன்றுகிறது. அக்கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொறியியலிலோ வரலாற்றிலோ தெளிவான விடை உண்டு. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் பயணிகளை முன்னிறுத்தி அக்கேள்விகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று; அதிலிருந்து 2001-இல் பிரிந்து, மறுஆண்டே மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர், 2007 நவம்பரில் நிலையாகத் தனித்து அமைந்தது. இரு தலைநகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவே இருந்தபோதிலும், ரயிலைப் பொறுத்தவரை இவை இருவேறு உலகங்கள். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் குறுக்குப் பாதை, அதாவது கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சுற்றிச் செல்லும் மெயின் லைனுக்கு மாற்றாக அமைந்து, மக்கள் வழக்கில் கார்டு லைன் என்று அழைக்கப்படும் பாதை, அரியலூர் நகரத்தின் ஊடே செல்கிறது. வைகை, பல்லவன் போன்ற பகல்நேர விரைவு வண்டிகள் அங்கு நின்று செல்கின்றன. பெரம்பலூர் நகருக்கோ ரயில் நிலையமே இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல் வரை ஒரு பாதை வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டும் இன்னும் நிறைவேறவில்லை. ஆகவே அரியலூர்க்காரர் எழும்பூரை நோக்கி ரயிலிலும், பெரம்பலூர்க்காரர் திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலை வழியே பேருந்திலும் வருவதே இயல்பான வழக்கம். இந்த ஒரு வேறுபாடுதான் சென்னையில் அவர்களுக்கு மெட்ரோ எவ்வளவு பயன்படுகிறது என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பேருந்தில் வருபவரின் நிலையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். தென்மாவட்டப் பேருந்துகள் சென்னைக்குள் வந்து நிற்கும் இடம் கால் நூற்றாண்டுக்குள் இருமுறை மாறியுள்ளது. பாரிமுனைக்கு அருகில் உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பிராட்வே பகுதியில் நின்றுகொண்டிருந்த வெளியூர்ப் பேருந்துகள் 2002 நவம்பரில் கோயம்பேட்டுக்குச் சென்றன. 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டதைத் தொடர்ந்து, தெற்கே செல்லும் பேருந்துகள் அங்கு மாற்றப்பட்டன. நகரத்தின் நெரிசலைக் குறைக்க முனையத்தை வெளியே கொண்டுசெல்வது திட்டமிடலில் ஏற்கத்தக்க கொள்கையே ஆகும். ஆனால் மெட்ரோவின் கால வரிசையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் வெளியூர்ப் பயணிக்கு நேர்ந்த இழப்பு விளங்குகிறது. மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் சமபங்கு கொண்ட சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் 2007 டிசம்பரில் பதிவு செய்யப்பட்டபோது, அதன் இரண்டாம் வழித்தடம் சென்ட்ரல், எழும்பூர் ஆகிய பெரிய ரயில் நிலையங்களையும் கோயம்பேடு பேருந்து நிலையத்தையும் பரங்கிமலையையும் ஒரே கோட்டில் இணைக்குமாறு வகுக்கப்பட்டது. நகரத்துக்குள் நுழையும் வாயில்கள் ஒன்றோடொன்று கைகோக்க வேண்டும் என்ற மிக நல்ல எண்ணம் அதில் இருந்தது. 2015 ஜூன் 29 அன்று ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ வண்டியும் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே, அப்பேருந்து நிலையத்தின் வாசலைத் தொட்டுக்கொண்டே சென்றது. பெரம்பலூர்ப் பேருந்திலிருந்து இறங்கியவர் மூட்டையோடு சில நிமிடங்கள் நடந்தால் மெட்ரோ நிலையத்தை அடைந்துவிடலாம் என்ற நிலை எட்டரை ஆண்டுகள் நீடித்தது. அதன்பின் பேருந்துகள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே சென்றுவிட, மெட்ரோ நிலையம் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட நாளில் அதற்கு மெட்ரோ இணைப்பும் இல்லை, அருகிலேயே புறநகர் ரயில் நிலையமும் இல்லை. முனையத்தைக் கட்டியவர்களும் ரயில் பாதையை வகுத்தவர்களும் ஒரே அட்டவணையில் இயங்காததன் விளைவே இது. மாநகரப் பேருந்தில் ஏறி விமான நிலையத்துக்கோ கிண்டிக்கோ வந்து அதன்பின் மெட்ரோவைப் பிடிப்பதே இதனால் பயணிக்குக் கிடைத்த வழி. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்மட்டப் பாதை அமைக்கும் திட்ட அறிக்கை அரசிடம் அளிக்கப்பட்டுள்ளது. தில்லியின் ஆனந்த் விகாரில் ரயில் முனையம், மாநிலங்களுக்கிடையேயான பேருந்து நிலையம், மெட்ரோ நிலையம் ஆகிய மூன்றும் நடந்து செல்லும் தொலைவுக்குள் அமைந்திருப்பதையும், பெங்களூரு மெஜஸ்டிக்கில் வெளியூர்ப் பேருந்து நிலையத்துக்கும் நகர ரயில் நிலையத்துக்கும் நடுவே மெட்ரோவின் இரு வழித்தடங்கள் சந்திப்பதையும் அறிந்தவர்கள், கிளாம்பாக்கம் வந்து இறங்கும் பயணிக்கு அதைவிடக் குறைவான வசதி போதும் என்று கருத இடமில்லை.

அரியலூரிலிருந்து ரயிலில் வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏறத்தாழ 270 கிலோமீட்டர் பயணத்துக்குப் பின் அவர் இறங்கும் எழும்பூர் நிலையம் 1908-இல் திறக்கப்பட்ட கட்டடம்; அதன் வாசலிலேயே மெட்ரோவின் பச்சை வழித்தட நிலையம் நிலத்தடியில் அமைந்துள்ளது, அடுத்த நிறுத்தமே சென்ட்ரல். ஒரே இடத்தில் இரு ரயில்கள் இருப்பதைக் காணும் அவருக்கு இயல்பாக எழும் கேள்வி, அரியலூரிலிருந்து வந்த வண்டி ஏன் அப்படியே நிலத்தடிக்குள் இறங்கிச் செல்லக்கூடாது என்பதாகும். இதற்குப் பல காரணங்கள் உள்ளன. இந்திய ரயில்வேயின் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையேயான தொலைவு 1676 மில்லிமீட்டர். சென்னை மெட்ரோவில் அது உலகில் மிகுதியாகப் புழங்கும் நியமப் பாதையின் அளவான 1435 மில்லிமீட்டர். பெட்டியின் அகலமும் உயரமும் வேறு, சமிக்ஞை முறை வேறு, சட்டமும் வேறு. ரயில்வே சட்டத்தின்கீழ் வராமல், மெட்ரோ ரயில்களுக்கென்றே 2002-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் இவ்வண்டிகள் இயங்குகின்றன; ஆகையால் அரியலூர்ச் சாளரத்தில் வாங்கிய பயணச்சீட்டை வைத்துக்கொண்டு மெட்ரோவில் ஏற இயலாது. மெட்ரோ என்பது, சாலைக் குறுக்கீடோ சரக்கு வண்டியோ தொலைதூர வண்டியோ இல்லாத தனிப் பாதையில், சில நிமிடங்களுக்கு ஒன்றாக, எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் நகர்ப்புற ரயில் என்று வரையறுக்கலாம். பாதை தூண்களின்மேல் செல்கிறதா நிலத்தடியில் செல்கிறதா என்பது இடத்தைப் பொறுத்தது. லண்டனில் 1863 ஜனவரியில் நீராவி எஞ்சின் இழுத்த பெட்டிகளோடு தொடங்கிய இம்முறை, கொல்கத்தாவுக்கு 1984-லும் தில்லிக்கு 2002-லும் வந்தது. சென்னையில் 1931 முதலே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடியபோதிலும், நிலத்தடி ரயில் 2017 மே 14 அன்றுதான், திருமங்கலத்துக்கும் நேரு பூங்காவுக்கும் இடையே முதன்முதலாக ஓடியது. 2019 பிப்ரவரியில் முதற்கட்டத்தின் 45 கிலோமீட்டரும் முழுமை பெற்றன. அதில் 24 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் உள்ளது. 2021-இல் வடக்கே விம்கோ நகர் வரை பாதை நீண்டது.

ஆனால் இந்த இரு மாவட்டங்களின் கிராமங்களில் நிலத்தடி ரயில் அனுபவம் சென்னைக்கு முன்பே வேறொரு நகரத்திலிருந்து வந்துவிட்டது. கட்டுமானத் தொழிலுக்கும் கப்பல் தளங்களுக்கும் சிங்கப்பூர் சென்று திரும்பிய ஆண்கள் இங்கு ஏராளம். 1987-இல் இயங்கத் தொடங்கிய அந்நகரத்து ரயிலில், தமிழிலும் அறிவிப்புப் பலகைகள் இருக்கும் நிலையங்களில், அவர்கள் ஏறி இறங்கியிருக்கிறார்கள். தானியங்கி வாயிலில் அட்டையை எங்கே வைக்க வேண்டும் என்பதைச் சென்னையில் படித்த பிள்ளைக்கு முன்பே அறிந்திருந்த தகப்பன்மார் செந்துறைப் பக்கமும் வேப்பந்தட்டைப் பக்கமும் உண்டு என்பதால், மாவட்டத்துக்காரரை எதுவும் அறியாதவராகச் சித்திரிக்கும் வழக்கமான பார்வை இங்கு பொருந்தாது.

நிலைய வாசலில் பயணி முதலில் எதிர்கொள்வது பாதுகாப்புச் சோதனை. பைகள் ஊடுகதிர்ப் பொறிக்குள் செல்கின்றன; எடுத்துச் செல்லும் சுமைக்கு எடை வரம்பும் உண்டு. ஊரிலிருந்து வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை என்பதால் இந்த விதி அவர்களுக்கு மிகவும் முக்கியமானது. செட்டிக்குளம் சின்ன வெங்காயம் ஒரு சிப்பம், ஆண்டிமடம் முந்திரி சில கிலோ, வீட்டு அரிசி ஒரு சாக்கு என்று மகள் வீட்டுக்கோ தம்பி வீட்டுக்கோ கொண்டுவருபவர் கைச்சுமை அளவோடு இருந்தால் ஏறிவிடலாம்; தலைச்சுமை அளவானால் ஆட்டோவை நாடுவதைத் தவிர வேறு வழியில்லை. நகரும் படிக்கட்டில் சாக்கை வைத்துக்கொண்டு ஏறுவது ஆபத்தானது. ஒவ்வொரு நிலையத்திலும் மின்தூக்கி இருப்பதால், முதியவர்களும் சுமையுடையோரும் சேலைக் கரை படிக்கட்டில் சிக்குமோ என்று அஞ்சும் பெண்களும் அதைப் பயன்படுத்துவது நல்லது. தரையில் நீளமாகப் பதிக்கப்பட்டுள்ள மஞ்சள் நிறப் புடைப்பு ஓடுகள் அலங்காரம் என்றே பலரால் கருதப்படுகின்றன. பார்வையற்றோர் காலாலும் கோலாலும் வழி அறிவதற்கானவை அவை, நீண்ட கோடுகள் நடக்கலாம் என்பதையும் வட்டப் புள்ளிகள் நிற்க வேண்டும் அல்லது திரும்ப வேண்டும் என்பதையும் உணர்த்துகின்றன. அவற்றின்மீது மூட்டையை இறக்கி வைப்பது ஒருவருடைய வழியை அடைப்பதாகும்.

கட்டணம் தொலைவைப் பொறுத்து 10 ரூபாயில் தொடங்குகிறது. 2021 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட வட்டமான பிளாஸ்டிக் வில்லையின் இடத்தை இப்போது கியூஆர் குறியீடு அச்சிட்ட தாளும் கைப்பேசித் திரையும் சிங்காரச் சென்னை அட்டையும் பெற்றுள்ளன. 2025 செப்டம்பரில் அறிமுகமான ‘சென்னை ஒன்று’ செயலி மாநகரப் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டுப் பெற வழிசெய்கிறது. பேருந்தில் இறங்கி மெட்ரோவுக்கு மாற வேண்டிய கிளாம்பாக்கம் பயணிக்கு இதனால் பெரும் பயன் உண்டு. உள்ளே நுழையும்போது காட்டிய சீட்டையே வெளியேறும்போதும் காட்ட வேண்டும் என்பதை மறந்து, பேருந்துச் சீட்டைப் போல அதைக் கசக்கி எறிந்துவிடுபவர் வெளிவாயிலில் தவிக்க நேர்கிறது. கட்டணப் பகுதிக்குள் தங்கியிருக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு; துணைக்கு வருபவருக்காக நடைமேடையில் நெடுநேரம் காத்திருப்பதைவிட வாயிலுக்கு வெளியே காத்திருப்பதே சரி.

படியிறங்கிச் செல்லும்போது எழும் அடுத்த கேள்வி, மேலே பூந்தமல்லி நெடுஞ்சாலையும் அதன் கட்டடங்களும் இருக்க, அடியில் எப்படி இவ்வளவு பெரிய வெற்றிடத்தை உருவாக்கினார்கள் என்பதாகும். இக்கேள்வியை அரியலூர்க்காரர் கேட்கும்போது அதற்குத் தனியொரு பொருத்தம் ஏற்படுகிறது. ஏனெனில் நிலத்தைத் தோண்டினால் என்ன நிகழும் என்பதைத் தமிழ்நாட்டில் அவரளவுக்கு நேரில் கண்டவர்கள் குறைவு. அரியலூர், பெரம்பலூர் நிலப்பகுதியின் ஒரு பகுதி, டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நெடிய காலத்தில், பலமுறை கடல் புகுந்து விலகிய இடம். அக்கடலின் சிப்பிகளும் அம்மோனைட்டு எனப்படும் சுருள்வடிவ ஓட்டுயிரிகளும் படிந்த அடுக்குகளைப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் செம்மண் ஓடைகளில் இன்றும் காணலாம். கல்லாய்ச் சமைந்த பெருமரம் ஒன்று சாத்தனூரில் பாதுகாக்கப்படுகிறது. அந்தக் கடற்படிவுகளில் உருவான சுண்ணாம்புக்கல்தான் அரியலூர் வட்டாரத்தின் சிமென்ட் ஆலைகளுக்கு அடிப்படை. திறந்தவெளிச் சுரங்கங்களில் அடுக்கடுக்காக வெட்டி இறங்கிய பள்ளங்களும், வெட்டி முடித்தபின் அவற்றில் தேங்கிய பச்சை நிற நீரும், கல் ஏற்றிய லாரிகளின் புழுதியும் அங்கு அன்றாடக் காட்சிகள்.

சென்னையின் நிலம் வேறு வகைப்பட்டது. வண்ணாரப்பேட்டை, மண்ணடி போன்ற வடபகுதிகளில் கடலும் ஆறுகளும் கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும் மிகுதி. தெற்கே செல்லச் செல்ல, பரங்கிமலை எந்தக் கல்லால் ஆனதோ அந்தச் சார்னோக்கைட்டு என்னும் கடினப் பாறை மேலெழுந்து வருகிறது. நடுவில் ஒரே குறுக்குவெட்டில் மேற்பாதி மண்ணாகவும் கீழ்ப்பாதி பாறையாகவும் இருக்கும் கலப்பு நிலம் அமைகிறது. சுரங்கம் தோண்டுவோருக்கு முழுப் பாறையையும்விட முழு மணலையும்விட இதுவே கடினமானது. இங்கு பயன்படும் சுரங்கம் தோண்டும் இயந்திரம், முகப்பில் சுழலும் வட்டத் தட்டால் மண்ணையும் பாறையையும் சுரண்டியெடுத்துப் பின்னால் தள்ளுகிறது. முன்னால் உள்ள நிலம் சரிந்துவிடாதபடி அதே அளவு அழுத்தத்தை எதிரே செலுத்திக்கொண்டு நகர்கிறது. தட்டு ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் முன்னேறியதும், வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவந்த வில்வடிவக் கான்கிரீட் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒரு முழு வளையம் அமைக்கப்படுகிறது. வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள சந்தில் சிமென்ட் கலவை செலுத்தப்படுகிறது. பின்னர் அந்த வளையத்தையே உதைப்பலகையாகக் கொண்டு இயந்திரம் மேலும் முன்னே செல்கிறது. ரயில் ஓடும் குழாய் இவ்வாறு ஆயிரக்கணக்கான வளையங்களின் தொடராகவே உருவாகியுள்ளது. சிமென்ட்டின் முதன்மையான மூலப்பொருள் சுண்ணாம்புக்கல் என்பதை எண்ணினால், பழைய கடல் ஒன்றின் ஓடுகள் சுட்டு அரைக்கப்பட்டு ஒரு நகரத்தின் அடியில் சுவராக நிற்கும் வினை எத்தகையது என்பதை அரியலூர் மண்ணிலிருந்து வரும் மாணவர் வேறெவரையும்விடத் தெளிவாக உணர முடியும். பள்ளிச் சுற்றுலாக்கள் வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகத்தையும் சென்னையின் ஒரு நிலத்தடி நிலையத்தையும் ஒரே பாடமாக இணைத்துக் காட்டுமானால் அது மிகப் பயனுள்ள கல்வியாக அமையும்.

நடைமேடையில் நிற்கும்போது, ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் வருகையை உணர்த்தும் இரைச்சலும் காற்றும் பல நகரங்களின் நிலத்தடி ரயில்களில் உண்டு. குறுகிய குழாய்க்குள் விரையும் வண்டி, சைக்கிள் பம்பின் தண்டைப் போலத் தனக்கு முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு வருவதே இதற்குக் காரணம். சென்னையின் நிலத்தடி நிலையங்களில் நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கண்ணாடித் தடுப்புக் கதவுகள் இருப்பதால், அந்தக் காற்று பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பயணி தவறி விழாமல் காப்பது இக்கதவுகளின் முதற்பயன் என்றாலும், குளிரூட்டிய காற்று சுரங்கத்துக்குள் வீணாகக் கலந்துவிடாமல் தடுப்பது வெப்பநாடுகளில் அவற்றின் பெரும்பயன். சிங்கப்பூர் தன் நிலத்தடி நிலையங்களில் 1987-லேயே இவற்றை அமைத்ததற்கும் இதுவே தலையாய காரணம். பாதை தூண்மேல் ஏறிய பிறகு வரும் முதற்கட்ட நிலையங்களில் இத்தகைய கதவுகள் இல்லாததால், அங்கு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கும் கவனம் முழுவதும் பயணியினுடையதே. வண்டியின் கதவும் தடுப்புக் கதவும் நேருக்கு நேர் வந்து நிற்பது ஓட்டுநரின் கைத்திறன் மட்டுமே அன்று. வேகத்தையும் நிறுத்தத்தையும் தானியங்கி இயக்கமுறை கணித்துச் செய்கிறது, கதவுகளைக் கவனித்து வண்டியைப் புறப்படச் செய்யும் பொறுப்பு முகப்பு அறையில் இருப்பவரிடம் உள்ளது. இரண்டாம் கட்டப் பாதைகளுக்கோ ஓட்டுநர் இல்லாத வண்டிகளே திட்டமிடப்பட்டுள்ளன.

மழை பெய்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அரியலூர்ப் பயணி கேட்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த விரைவு வண்டி, அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தால் சிதைந்திருந்த நிலையில் அதன்மீது ஏறி ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தமிழக அரசியல் மேடைகளில் இந்நிகழ்ச்சி இன்றும் பதவி விலகலுக்காகவே நினைவுகூரப்படுகிறது. பாலத்தின் அடித்தளத்தை ஆற்றுநீர் அரித்தது என்ற பொறியியல் பாடம் அதே அளவுக்குப் பேசப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது. தண்டவாளத்தின் உறுதி அதைத் தாங்கும் மண்ணின் உறுதியே. மண்ணின் உறுதியோ நீரின் போக்கைப் பொறுத்தது.

மெட்ரோவில் இப்பாடம் பல வடிவங்களில் கடைப்பிடிக்கப்பட்டுள்ளது. நிலத்தடி நிலையத்துக்குள் இறங்க விரும்புபவர் முதலில் சில படிகள் மேலேற வேண்டியிருப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். சாலையில் தேங்கும் வெள்ளம் உள்ளே புகாதபடி வாயில்கள் சாலை மட்டத்துக்கு மேலே உயர்த்தப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். கான்கிரீட் வளையத் துண்டுகளின் இணைப்புகளில் ரப்பர் பட்டைகள் அழுந்திப் பொருந்தி நிலத்தடி நீரைத் தடுக்கின்றன. அதையும் மீறிக் கசியும் நீர் பாதையின் தாழ்வான இடங்களில் உள்ள தொட்டிகளில் சேர்ந்து எந்திரங்களால் வெளியேற்றப்படுகிறது. நீல வழித்தடம் சென்ட்ரலுக்கும் அரசினர் தோட்டத்துக்கும் இடையே கூவம் ஆற்றின் அடியிலேயே செல்கிறது, ஆயினும் பயணி அதை அறிவதற்கான அடையாளம் எதுவும் பெட்டிக்குள் தென்படுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பரங்கிமலை நிலையத்தின் நுழைவுப் பகுதியில் நீர் தேங்கியதால், பயணிகள் ஆலந்தூருக்குச் சென்று ஏறுமாறு அறிவுறுத்தப்பட்டனர். அது தூண்மேல் அமைந்த நிலையம் என்பதைக் கருதும்போது, பாதை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அதை அடையும் வழி தாழ்வாக இருந்தால் பயன் குன்றிவிடும் என்பது புலப்படுகிறது. மின்சாரம் தடைப்பட்டால் பெட்டியின் மின்கலங்கள் விளக்கையும் காற்றோட்டத்தையும் சிறிது நேரம் காக்கும். சுரங்கத்துக்குள் வண்டி நின்றுவிட்டால் பக்கவாட்டு நடைபாதை வழியாகவும், இணையாகச் செல்லும் மற்றொரு குழாயோடு இணைக்கும் குறுக்கு வழிகள் வழியாகவும் மக்களை வெளியேற்றுவார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் அண்ணா சாலையிலும் நிலைய வாயில்களுக்கு அருகில் நிற்கும் சாளரமற்ற உயரமான கட்டமைப்புகள், உள்ளிருக்கும் காற்றை மாற்றுவதற்கும் தீ நேர்ந்தால் புகையை வெளியேற்றுவதற்கும் உரிய காற்றுப் போக்கிகள்.

பெட்டிக்குள் ஏறியதும் வெளியூர்ப் பயணியை வியப்பில் ஆழ்த்துவது குளிர்ச்சியைவிட அமைதிதான். கார்டு லைனின் முன்பதிவற்ற பெட்டியில், விருத்தாசலம் வருவதற்குள் எதிரே அமர்ந்திருப்பவரின் ஊர், உறவு, வந்த காரியம் அனைத்தும் தெரிந்துவிடும். பேச்சின் நடுவே ஏதோ ஒரு வழியில் பங்காளி முறையோ சம்பந்தி முறையோ கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. மெட்ரோவில் இரு நிலையங்களுக்கு இடையேயான பயணம் ஒன்றிரண்டு நிமிடங்களே ஆவதால், பேச்சைத் தொடங்கி முடிப்பதற்கு இடமில்லை. இருக்கைகள் பக்கச் சுவரை ஒட்டி நீளவாட்டில் அமைந்திருப்பதால் எதிரே இருப்பவருக்கும் தமக்கும் நடுவே நிற்பவர்களின் வரிசை வந்துவிடுகிறது. இந்த அமைதியை நகரத்தாரின் கல்நெஞ்சம் என்று கொள்வது பிழையாகும். வழி கேட்டால் காதிலிருந்து ஒலிக்கருவியை எடுத்துவிட்டு, இறங்க வேண்டிய நிலையம் வரை கணக்கிட்டுச் சொல்லும் இளைஞர்களை ஒவ்வொரு பெட்டியிலும் காண முடிகிறது. நான்கு பெட்டிகள் கொண்ட வண்டியில் தொடக்கத்தில் இருமடங்குக் கட்டணத்தோடு ஒரு சிறப்பு வகுப்பு இருந்தது. அது பின்னர் நீக்கப்பட்டு அவ்விடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பொதுப்பணத்தில் கட்டிய நகர ரயிலில் வகுப்பு வேறுபாடு தேவையில்லை என்பதால் அது மிகச் சரியான மாற்றமே.

வழி மாறும் இடங்கள் இரண்டே: சென்ட்ரல், ஆலந்தூர். நீலம், பச்சை ஆகிய இரு வழித்தடங்களும் சென்ட்ரலில் நிலத்தடியில் வெவ்வேறு ஆழங்களிலும், ஆலந்தூரில் தரைக்கு மேலே வெவ்வேறு உயரங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்திக்கின்றன. எழும்பூரில் இறங்கிய அரியலூர்ப் பயணி உயர்நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டுமானால், பச்சையில் ஒரு நிறுத்தம் சென்று சென்ட்ரலில் நீலத்துக்கு மாறி அடுத்த நிறுத்தத்தில் இறங்கலாம். அரசு பொது மருத்துவமனைக்குச் செல்பவர் சென்ட்ரலிலேயே வெளியேறினால் போதும். ஆனால் எந்த வாயிலில் வெளியேறுகிறார் என்பது இங்கு மிக முக்கியமானது. தவறான வாயிலில் ஏறிவிட்டால் பெருஞ்சாலையின் மறுபுறத்தில் நிற்க நேரிடும். நோயாளியை உடன் அழைத்துவரும் குடும்பத்துக்கு அது சிறு தொல்லையன்று. வாயில்களுக்கு எழுத்துகளால் பெயரிட்டு, அவை கொண்டுசேர்க்கும் இடங்களைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள் என்றாலும், மருத்துவமனை, நீதிமன்றம், ரயில் நிலையம் ஆகிய மூன்றுக்கும் நடைமேடையிலிருந்தே தொடர்ச்சியான படக்குறிகள் தரையில் வரையப்பட வேண்டும் என்பது எழுத்தறியாத முதியோரைக் கருதிச் செய்யத்தக்க எளிய சீர்திருத்தம்.

இரண்டாம் கட்டமாக 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு மூன்று வழித்தடங்கள் கட்டப்படுகின்றன. 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி ஆகியவை அவற்றின் முனைகளுள் அடங்கும். கோயம்பேட்டுக்கும் இதனால் மேலும் ஒரு வழித்தடம் கிடைக்கிறது. ஆனால் மூன்றில் ஒன்றும் கிளாம்பாக்கத்தைத் தொடவில்லை. ஆகவே பெரம்பலூர்ப் பேருந்தின் பயணிக்கு, விமான நிலையத்திலிருந்து தெற்கே நீள வேண்டிய பாதையே இவையனைத்தையும்விட முதன்மையானது.

அப்பாதை அமையும்வரை எஞ்சியிருப்பது நேரத்தைப் பற்றிய சிக்கல். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணி வரை இயங்குகிறது. பெரம்பலூரில் இரவு 10 மணிக்குமேல் ஏறுபவரின் பேருந்தோ நெடுஞ்சாலையில் தடையில்லாவிடில் 5 மணிக்கு முன்பே கிளாம்பாக்கத்தை அடைந்துவிடுகிறது. நள்ளிரவில் ஏன் ரயிலை ஓட்டக்கூடாது என்று கேட்பவருக்கு விடை, தண்டவாளத்தையும் மின்கம்பியையும் சோதித்துச் செப்பனிட அந்தச் சில மணி நேரமே கிடைக்கிறது என்பதாகும். நியூயார்க்கில் இரவு முழுவதும் ரயில் ஓடுவதற்குப் பெரிதும் துணைநிற்பது, 1904-இல் திறந்த முதல் பாதையிலேயே பெரும்பகுதிக்கு நான்கு தண்டவாளத் தடங்கள் போடப்பட்டதும், ஒன்றை மூடிச் செப்பனிடும்போது மற்றொன்றில் வண்டியைத் திருப்பிவிட முடிவதும் ஆகும். இரு குழாய்களே உள்ள சென்னையில் அதற்கு வாய்ப்பில்லை. ஆனால் முதல் மெட்ரோ வண்டி புறப்படும் நேரத்துக்குப் பொருந்துமாறு, அதிகாலை நாலேகால் மணியிலிருந்தே கிளாம்பாக்கத்துக்கும் விமான நிலைய மெட்ரோ வாயிலுக்கும் இடையே வேறெங்கும் நிற்காத மாநகரப் பேருந்துகளை இயக்குவதற்குப் புதிய பாதையோ பெருஞ்செலவோ தேவையில்லை. இரு நிறுவனங்களின் கால அட்டவணைகளை ஒரே மேசையில் வைத்துத் திருத்தினாலே போதும்.